வீட்டைக் காலி செய்யும் முன் ஓனருக்கு நோட்டீஸ்: சென்னை வாடகைதாரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைக்கு வந்த பதினான்கு வருடத்தில் ஐந்து வாடகை வீடுகளைக் காலி செய்திருக்கிறேன். முதல் வீட்டில் நோட்டீஸ் விஷயத்தில் ஒரு மாத வாடகையை இழந்தேன். அதிலிருந்து நண்பர்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் என்று யார் வீடு மாறினாலும் இந்தக் கேள்விகளோடு என்னிடம் வருகிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். அட்வான்ஸ் என்பது உங்கள் பணம். அதைக் குறையில்லாமல் திரும்ப வாங்குவதற்கான முதல் வேலை, காலி செய்யும் நாளை எழுத்தில் கொடுப்பதுதான்.

எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

முதலில் உங்கள் அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள். சென்னையில் பெரும்பாலும் ஒரு மாதம் என்றோ இரண்டு மாதம் என்றோ எழுதியிருப்பார்கள். எழுதியிருப்பது எதுவோ அதுதான் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பதினைந்து நாளில் காலி செய்தார் என்பது உங்களுக்கு உதவாது.

அக்ரிமென்ட்டில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவு இருக்கிறது. மாத வாடகைக்கு இருப்பவர் 15 நாள் நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்கிறது அது. ஓனர் உங்களைக் காலி செய்யச் சொல்வதற்கும் அந்தப் பிரிவில் இதே 15 நாள்தான். ஆனாலும், சட்டம் 15 நாள் கேட்டாலும் நீங்கள் ஒரு மாதம் கொடுங்கள். அவரும் அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும், உங்கள் அட்வான்ஸைப் புரட்ட வேண்டும்.

பதினொரு மாத அக்ரிமென்ட் எப்போதோ முடிந்துவிட்டது, புதுப்பிக்கவே இல்லை. நான் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா?

கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். நீங்கள் வாடகை கொடுத்து, அவர் வாங்கிக்கொண்டிருந்தால் பொதுவாக அது மாதாந்திர வாடகையாகவே பார்க்கப்படும். பழைய அக்ரிமென்ட்டில் இருக்கும் நோட்டீஸ் காலத்தையே பின்பற்றினால் யாரும் குறை சொல்ல முடியாது.

அது ஏன் பதினொரு மாதம் என்றும் பலர் கேட்பார்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது (2017ஆம் ஆண்டின் 42ஆவது சட்டம்). அதன்படி எத்தனை மாத அக்ரிமென்ட்டாக இருந்தாலும் எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து, எண் வாங்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதோடு போய்விட்டது. உங்கள் அக்ரிமென்ட்டுக்கு அந்தப் பதிவு எண் இருந்தால் எல்லாத் தாள்களிலும் அதைக் குறிப்பிடுங்கள்.

வாயால் சொன்னால் போதாதா? ஓனர் கீழ் வீட்டில்தான் இருக்கிறார்.

போதாது. நான் பணம் இழந்த கதை இதுதான். மடிப்பாக்கத்தில் மாடி போர்ஷன். ஓனர் கீழே. நல்ல மனிதர், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து அனுப்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் மோட்டார் போட வெளியே வந்தபோது படிக்கட்டில் நின்றபடியே, “சார், அடுத்த மாசக் கடைசில காலி பண்றோம்” என்றேன். “சரிப்பா, பார்த்துக்கலாம்” என்றார். நாற்பது நாள் கழித்துச் சாமான்களைக் கட்டும்போது, “நீ வீடு பார்க்கிறேன்னுதானே சொன்னே, காலி பண்றேன்னு எங்கே சொன்னே?” என்று கேட்டார். அவர் பொய் சொன்னதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. மோட்டார் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். ஆனால் என்னிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டுதான் அட்வான்ஸைக் கொடுத்தார்.

முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள், அதுதான் மரியாதை. சொல்லிவிட்டுக் கையோடு கடிதத்தைக் கொடுங்கள். “ஆபீஸ்ல வாடகைப் படிக்குக் கேட்பாங்க சார், அதான் எழுதிட்டேன்” என்றெல்லாம் சாக்கு சொல்லத் தேவையில்லை. “நமக்குள்ள தேதி குழம்பக் கூடாதுன்னு எழுதிக் கொண்டு வந்தேன் சார்” என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டின் குறைகளைப் பற்றிய புகாரை இதில் சேர்க்காதீர்கள், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். நான் கடைசியாகக் கொடுத்த கடிதத்தின் வாசகம் கிட்டத்தட்ட இதுதான்:

*“மதிப்பிற்குரிய அம்மா, தங்களுக்குச் சொந்தமான மேற்கண்ட முகவரியில் உள்ள முதல் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்து வருகிறேன். நமது ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்பாக இக்கடிதத்தை ஜூன் 10 அன்று தருகிறேன். ஜூலை 10 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன். ஜூலை மாதத்தின் 10 நாள் வாடகையையும் மின்கட்டண பாக்கியையும் கணக்கிட்டு, நான் கொடுத்துள்ள முன்பணம் ரூ.1,00,000-இல் மீதியைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.”*

வருடத்தோடு தேதி, இரண்டு பேர் பெயர், வீட்டு முகவரி, வங்கி விவரம், உங்கள் கையெழுத்து இவ்வளவும் இருக்க வேண்டும். அட்வான்ஸ் தொகையை எண்ணில் எழுதுவது முக்கியம். ஆறு வருடம் முன்னால் கொடுத்த தொகை ஓனருக்கு மறந்துபோயிருக்கலாம். கடிதத்தைப் பார்த்து இப்போதே பேசிவிட்டால் சாவி கொடுக்கும் நாளில் சண்டை வராது.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

அவர் கையெழுத்துப் போட மறுத்தால்? வெளியூரில் இருந்தால்?

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்தில் எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். 106ஆவது பிரிவில் நோட்டீஸ் காலம் தொடங்குவது அவர் கையில் கிடைத்த நாளிலிருந்துதான், நீங்கள் எழுதிய நாளிலிருந்து இல்லை. தபாலில் அனுப்பினால் நாலைந்து நாள் கூடுதலாக விட்டே தேதி குறியுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் கடிதத்துக்குப் பதிலாக வேண்டாம், கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். எழுத்து வடிவில், கையெழுத்திட்டு, தபாலிலோ நேரிலோ சேர்க்க வேண்டும் என்பதுதான் 106ஆவது பிரிவு சொல்லும் முறை. கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினால், இரண்டு நீல டிக் வந்த நேரமும் அவருடைய “ஓகே”யும் உங்கள் பக்கம் இன்னொரு சாட்சி. வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்பினால் அவரிடமிருந்து ஒரு வரியாவது எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மாத நடுவில் காலி செய்தால் முழு மாத வாடகை கேட்கிறார்களே?

நோட்டீஸ் மாதக் கடைசியில்தான் முடிய வேண்டும் என்று அக்ரிமென்ட்டில் இருந்தால் கேட்கலாம். இல்லையென்றால் இருந்த நாளுக்குத்தான் வாடகை. 18,000 ரூபாய் வாடகையில் ஜூலை 10 வரை இருந்தால், 31ஆல் வகுத்து 10 நாளுக்கு 5,806 ரூபாய். இந்த எண்ணை நீங்களே போட்டுக் காட்டுங்கள். கணக்கைப் பார்த்துவிட்டால் பெரும்பாலான ஓனர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆடி மாதம் வீடு மாறக் கூடாது என்கிறார்கள். நோட்டீஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் இருக்கிறது. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சென்னை வாடகைச் சந்தைக்கு இருக்கிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை மார்கழி. இந்த இரண்டிலும் பால் காய்ச்சிக் குடி போகப் பலர் விரும்ப மாட்டார்கள். ஆடி பிறந்து நாலாம் நாள் நீங்கள் காலி செய்தால் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் என்று ஓனர் பயப்படுவார். அந்தப் பயம் உங்கள் அட்வான்ஸ் தாமதமாவதில் வந்து நிற்கும்.

முடிந்தால் ஆடிக்கு முந்தைய வாரத்தில் முடியும்படி நோட்டீஸ் கொடுங்கள். மேலே சொன்ன ஜூலை 10 அப்படிக் குறித்த தேதிதான். அடுத்தவர் ஆனியிலேயே வந்துவிட முடிந்தது, எனக்கும் பணம் அன்றைக்கே வந்தது. வேலை மாற்றத்தால் ஆடியில்தான் போக வேண்டியிருக்கிறது என்றால் இரண்டு வாரம் கூடுதலாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லாக்-இன் காலம் (இத்தனை மாதத்துக்கு முன் காலி செய்யக் கூடாது என்று அக்ரிமென்ட்டில் போட்ட காலம்) முடியவில்லை. போக முடியாதா?

போகலாம், ஆனால் அக்ரிமென்ட்டில் சொல்லியிருக்கும் பணத்தைக் கேட்பார்கள். உங்களுக்குப் பதிலாக வேறு ஒரு நல்ல குடும்பத்தைக் கொண்டு வந்து விட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். தேடுவதை நீங்களே தொடங்குங்கள்.

கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

கேட்கலாம். அவர் சரி என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். கேட்காமலே வாடகையை நிறுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். புதிய சட்டத்தில் வாடகை பாக்கி என்பது வீட்டைத் திரும்பக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. கடைசி மாதத்தில் உங்களை நீங்களே பாக்கிக்காரராக ஆக்கிக்கொண்டால் அப்புறம் எதைக் கேட்டாலும் குரல் எழும்பாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஓனர் முன்பே வேறு யாருக்காவது அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தார் என்று உறுதியாகத் தெரிந்தால், நோட்டீஸ் கொடுக்கும் அன்றே இந்தப் பேச்சை எடுங்கள். கடைசி வாரத்தில் எடுத்தால் பலிக்காது.

பெயிண்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கிறார்களே, இது சரியா?

சென்னையில் அதிகமாக மனக்கசப்பு வருவது இந்த இடத்தில்தான். அக்ரிமென்ட்டில் “காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குக் கழிக்கப்படும்” என்று இருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதுதான். எழுதவில்லை என்றால் அது வெறும் பழக்கம். குடியிருந்தால் இயல்பாக வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்பதுதான் சட்டத்தின் போக்கு. ஐந்து வருடத்தில் சுவர் மங்குவது தேய்மானம். பிள்ளைகள் சுவர் முழுக்க கிரேயானில் வரைந்தது, ஏ.சி.க்காகப் போட்ட ஓட்டை, உடைந்த வாஷ்பேசின் இதெல்லாம் சேதம், அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

என் அனுபவத்தில் ஒன்று பலித்தது. பெரம்பூர் வீட்டில் ஓனர் அம்மா 18,000 கழிக்கப் போவதாகச் சொன்னார். அக்ரிமென்ட்டில் அந்த வரி இல்லை. நான் சண்டை போடவில்லை. “அம்மா, பெயிண்டரைக் கூப்பிட்டு இந்த ஹாலுக்கும் சின்ன ரூமுக்கும் என்ன ஆகும்னு கேட்போம், சுவத்துல ஆணி அடிச்சதும் பசங்க கிறுக்கினதும் நாங்கதான், பாதி தர்றேன்” என்றேன். பெயிண்டர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து 18,000 சொன்னார். 9,000 கொடுத்தேன். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

குடி வந்த அன்றே சுவர், டைல்ஸ், குழாய், ஜன்னல் கொக்கி என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பி வைப்பது நல்லது. இப்போது காலி செய்பவர்களுக்கு அது தாமதமான யோசனைதான், அடுத்த வீட்டுக்காவது பயன்படும்.

நோட்டீஸ் கொடுத்ததும் யார் யாரோ வீடு பார்க்க வருகிறார்கள்.

டூ-லெட் போர்டு மாட்டியதும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், இரவு ஒன்பது மணிக்கு என்று புரோக்கர்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். வீடு காட்ட ஒத்துழைப்பது உங்களுக்கும் நல்லது, சீக்கிரம் ஆள் கிடைத்தால் அட்வான்ஸ் சீக்கிரம் வரும். ஆனால் ஓனரே உள்ளே வருவதென்றாலும் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. “தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை, ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வரலாம் சார்” என்று ஒரு நேரத்தை நீங்களே குறித்துக் கொடுத்துவிடுங்கள். பீரோ சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இ.பி. கணக்கை எப்படி முடிப்பது?

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுப்பார்கள். நீங்கள் காலி செய்யும் நாள் பெரும்பாலும் நடுவில் விழும். சாவி கொடுக்கும் அன்று மீட்டரின் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். அதிலிருந்து கடைசி பில்லின் ரீடிங்கைக் கழித்து யூனிட்டைக் கண்டுபிடித்து அங்கேயே ஒரு தொகை பேசி முடியுங்கள். “பில் வந்ததும் பார்த்துக்கலாம்” என்று விட்டால், அந்தச் சாக்கில் மொத்த அட்வான்ஸும் இரண்டு மாதம் நிற்கும். அங்கேயே பேசி முடிக்க முடியாவிட்டால், கழித்துக்கொள்ள ஒரு ஆயிரம் ரூபாயை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

அடுக்குமாடி என்றால் சங்கத்தின் மெயின்டனன்ஸ் பாக்கியைக் கட்டி, வெளியேறுவதற்கான சீட்டையும் முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் சாமான் ஏற்றிய குட்டி யானை வண்டி கேட்டிலேயே நிற்கும்.

“புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்” என்கிறார். என்ன செய்வது?

இந்த வரியைச் சென்னையில் கேட்காத வாடகைதாரர் இருக்க மாட்டார். ஒரு காலத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிய ஊர் இது, இன்றைக்கும் பல இடங்களில் அந்த வழக்கம் போகவில்லை. அந்தப் பணம் எப்போதோ பெண் கல்யாணத்துக்கோ மேல் மாடி கட்டவோ போயிருக்கும். அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க உங்களுக்கும் அந்தப் பணம்தான் வேண்டும்.

புதிய சட்டத்தின் 11ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. புது ஆள் வர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

சாவியும் பணமும் ஒரே நாளில், ஒரே மேஜையில் கைமாறுவதுதான் சிறந்தது. முடியாது என்றால் பாதியையாவது அன்று வாங்குங்கள். மீதிக்குத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள், முடிந்தால் அந்தத் தேதியிட்ட செக்காக. பணம் தரும்வரை சாவியைத் தர மாட்டேன் என்று நிற்பதில் ஓர் ஆபத்து உண்டு. சாவி உங்களிடம் இருக்கும் வரை வீடு உங்களிடம் இருப்பதாகச் சொல்லி வாடகையைக் கழித்துக்கொண்டே போவார்கள். ஆகவே வாடகை வீட்டில் சாவியைப் பிடித்து வைப்பதைவிட, சாவியைக் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குவதுதான் உங்களுக்குப் பலம்.

ஒரு மாதம் கடந்தும் வரவில்லை என்றால் ஒரு நினைவூட்டல் கடிதம், அப்புறம் வக்கீல் நோட்டீஸ். வாடகைத் தகராறுகளுக்கென்று இந்தச் சட்டத்தில் துணை ஆட்சியர் நிலையில் வாடகை அதிகாரி, அதற்கு மேல் வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகள் இருக்கின்றன. உங்கள் தாள்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எந்தப் படியில் ஏறுவது என்று முடிவெடுங்கள்.

லீஸுக்கு இருக்கிறோம். எங்களுக்கும் இதேதானா?

கடிதம் அதேதான், மற்றதெல்லாம் வேறு. லீஸ், அதாவது போக்கியம் என்று ஐந்து லட்சம், எட்டு லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. பெரும்பாலான ஓனர்கள் அடுத்த லீஸ்காரரிடம் வாங்கித்தான் உங்களுக்குத் தருவார்கள். மூன்று மாதம் முன்னால் எழுத்தில் கொடுங்கள். மாதா மாதம் நினைவுபடுத்துங்கள். இங்கே மட்டும் நான் மாற்றிச் சொல்வேன்: முழுப் பணமும் உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். செக் என்றால் பணமாகும்வரை. உங்களுக்கு மாத வாடகை ஓடவில்லை, உள்ளே இருப்பதுதான் உங்கள் பிடி. அக்ரிமென்ட்டில் காலம் முடிந்த பிறகு இருப்பதற்குத் தனிக் கட்டணம் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

ஒரே ஒரு தாள். இத்தனை சாவிகள் (மெயின் கேட், மொட்டை மாடி, லெட்டர் பாக்ஸ் உட்பட) இந்தத் தேதியில் பெற்றுக்கொண்டேன் என்று முதல் வரி. அதன் கீழே கணக்கு. பெரம்பூரில் எங்கள் தாளில் இப்படி இருந்தது: அட்வான்ஸ் 1,00,000, ஜூலை 10 நாள் வாடகை 5,806, இ.பி. 1,240, பெயிண்டிங் 9,000, மீதி 83,954. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவர் மகன் பணத்தை அனுப்பி, என் போனில் குறுஞ்செய்தி வந்த பிறகு சாவிக் கொத்தைக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

வேறு என்ன மறந்துவிடுவார்கள்?

கேஸ் இணைப்பின் முகவரி, ஆதார், ரேஷன் கார்டு, வங்கி. ஆன்லைன் கடைகளில் பழைய முகவரியை நீக்காமல் விட்டு, பார்சல் பழைய வீட்டுக்குப் போவது அடிக்கடி நடக்கிறது. இன்வெர்ட்டர், வாட்டர் பியூரிஃபையர், ஏ.சி. கழற்ற ஆள் கிடைக்க இரண்டு மூன்று நாள் ஆகும், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அப்புறம், வண்டி கிளம்பும் முன் ஸ்டூல் போட்டு ஏறி லாஃப்ட்டின் கடைசி மூலை வரை டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கொலுப் படிப் பலகைகள் அங்கேதான் இருந்தன.